புரதம் 22%, சரி, எதிலிருந்து? கன்றுப் பால் பவுடர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்றுகளுக்கான பால் மாற்றுப் பவுடரைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், அதன் கலவையை முடிவு செய்யும் ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கும்,

உங்கள் பைகளின் பின்பக்கத்தில் மூலப்பொருள் பட்டியல் வரவரச் சுருங்கிக்கொண்டே போகிறது. கொழுப்பு நீக்கிய பால் பவுடர், வே பவுடர், சோயா புரதச் செறிவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் போட்டிருந்த இடத்தில் இப்போது ‘பால் பொருட்கள், தாவரப் புரதப் பொருட்கள்’ என்ற இரண்டே தொகுப்புப் பெயர்கள் நிற்கின்றன. முன்பக்கத்தில் மட்டும் ‘புரதம் 22%’ கொட்டை எழுத்தில் இருக்கிறது. இதை அச்சுச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. மூலப்பொருள் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் பையை மாற்றாமல் உள்ளிருக்கும் கலவையை மட்டும் மாற்றிக்கொள்ள உங்களுக்கு இது வசதி. அந்த வசதிக்காக அவதிப்படுவது பிறந்து 3 வாரம்கூட ஆகாத கன்றின் குடல்.

நாங்கள் கன்று வளர்ப்பவர்களும் கன்றுகளுக்கு மருத்துவம் பார்ப்பவர்களும். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே சதவீதம் போட்ட இரண்டு பைகளைக் கரைத்து ஊற்றினால் ஒன்றில் சாணம் சரியாக இருப்பதும், அடுத்ததில் நான்கைந்து நாளில் கொட்டில் முழுக்கப் புளித்த வாடையோடு நுரைத்த கழிச்சல் தொடங்குவதும் எங்களுக்குப் புதிதல்ல. தண்ணீர், வாளி, கரைக்கும் ஆள் எதுவும் மாறியிருக்காது. மாறியது பைக்குள் இருப்பது. அது என்ன என்று கேட்டால் ‘புரத அளவு அதேதான்’ என்ற பதில்தான் கிடைக்கிறது. எங்கள் கேள்வி அளவைப் பற்றியதே இல்லை.

பிறந்த கன்றுக்கு நான்கு இரைப்பைகள் இருந்தாலும் செரிமானம் நடப்பது நான்காவதில் மட்டும்தான். சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொள்ள, பால் முதல் மூன்றையும் தாண்டி நேராக அங்கே போகிறது. கைமோசின் என்ற நொதி, பாலின் முக்கியப் புரதமான கேசீனைச் சில நிமிடங்களில் கட்டியாக உறைய வைக்கிறது. கட்டியிலிருந்து பிரியும் ‘வே’ என்ற தெளிநீரோடு வே புரதமும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் முதலில் சிறுகுடலுக்குப் போய்விடுகின்றன. கட்டி மெல்லக் கரைந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கைமோசினால் சோயாவை உறைய வைக்க முடியாது, கோதுமையையும் முடியாது. மற்ற புரதங்களை உடைக்க வேண்டிய பெப்சின், கணையத்திலிருந்து வரும் டிரிப்சின், கைமோடிரிப்சின் எல்லாம் முதல் நாட்களில் குறைவாகவே சுரந்து, வாரங்கள் போகப்போகத்தான் கூடுகின்றன. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் சொற்பம். சுக்ரோஸை உடைக்கும் நொதி கன்றின் குடலில் கிடையவே கிடையாது. நீங்கள் அறியாதது இதில் எதுவும் இல்லை. ஆனாலும் ‘முதல் வாரம் முதல்’ என்று அச்சிட்டு, தாவரப் புரதம் பாதிக்கு மேல் உள்ள பவுடரையும் விற்கிறீர்கள் என்பதால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

வே புரதம் உறையாது. அதனால் அது மட்டம் என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. நல்ல வே புரதச் செறிவு உறையாமலே சிறுகுடலில் நன்றாகச் செரிக்கிறது, கன்றும் நன்றாக வளர்கிறது. உறைகிறதா என்பதைவிட, அந்த வயதில் செரிக்கிறதா என்பதுதான் முக்கியம்.

‘பால் பொருட்கள்’ பட்டியலில் முதலில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். பட்டியல் எடைப்படி போடப்படுகிறது, புரதப்படி அல்ல. சாதாரண வே பவுடரில் புரதம் 12 முதல் 13 சதவீதம்தான், பெரும்பகுதி லாக்டோஸ். 100 கிலோ கலவையில் 50 கிலோ வே பவுடர் போட்டால் அதிலிருந்து வருவது சுமார் 6 கிலோ புரதம். 22 கிலோ புரதம் வேண்டுமென்றால் மீதி 16 கிலோ வேறெங்கிருந்தோ வர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு புரதம் உள்ள சோயா செறிவு 24 கிலோ போட்டால் கணக்கு முடிந்தது. கொழுப்புக்கும் தாதுக்களுக்கும் இன்னும் 26 கிலோ இடம் பாக்கி இருக்கிறது. எடையில் பாதி ‘பால் பொருள்’, புரதத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு சோயா. பையில் எழுதியிருப்பது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு உண்மை தெரிய வழியும் இல்லை.

சோயா என்ற ஒரே பெயருக்குள்ளேயே பல பொருட்கள் இருக்கின்றன. சோயா மாவில் சுமார் 50% புரதம், செறிவில் 65 முதல் 70%, தனிப்படுத்திய புரதத்தில் 90% அளவு. கன்றின் குடலுக்கு இவை ஒன்றல்ல. 40 கிலோ கன்று ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 125 கிராம் வீதம் 500 கிராம் பவுடர், அதில் 110 கிராம் புரதம். பாதிப் புரதம் சோயா மாவிலிருந்து வந்தால் 55 கிராம் புரதத்துக்காக 110 கிராம் மாவு உள்ளே போகிறது. அதோடு 30 கிராமுக்கு மேல் சோயாவின் மாவுப்பொருள்களும் சேர்ந்து போகின்றன: சுக்ரோஸ், ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள், கரையாத நார்ப்பொருள். இவற்றை உடைக்கக் கன்றின் சிறுகுடலில் நொதி இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து, வாயுவும் அமிலமுமாகி, தண்ணீரை இழுக்கிறது. கொட்டிலில் நாங்கள் பார்க்கும் நுரைத்த, புளித்த கழிச்சல் இதுதான். செரிக்காமல் மீந்த புரதமும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அதை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அப்போது வாடை மாறி, புளிப்பு போய் நாற்றம் எடுக்கும்.

சர்க்கரைகளைக் கழுவி நீக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மறுபாதி சோயாவின் புரதத்திலேயே இருக்கிறது. கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்ற இரண்டும் கன்றின் குடலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. முதல் சில ஊட்டங்களில் ஒன்றும் தெரியாது. உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கிய பிறகு ஒவ்வொரு ஊட்டமும் குடலைச் சீண்டுகிறது. குடற்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தேய்கின்றன; உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது; உணவு குடலில் நகரும் வேகமும் தாறுமாறாகிறது. குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் லாக்டேஸ் நொதி இருக்கிறது. நுனி தேய்ந்தால் லாக்டோஸ்கூடச் செரிக்காது. அதாவது, கலவையில் போட்ட நல்ல பால் பொருளும் வீணாகிவிடுகிறது.

இங்கேதான் உங்கள் தரச்சான்றிதழ்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. சோயா சரியாகப் பதப்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்றாக அதில் இயல்பாக உள்ள யூரியேஸ் என்ற நொதியின் அளவு குறைவாக இருப்பதைக் காட்டுகிறீர்கள். சூடுபடுத்தியதில் டிரிப்சின் தடுப்பான் அழிந்திருக்கும் என்று மறைமுகமாகச் சொல்லும் சோதனை அது, அவ்வளவுதான். வறுக்கும் சூட்டில் டிரிப்சின் தடுப்பானின் பெரும்பகுதி போய்விடும். கிளைசினினும் பீட்டா கான்கிளைசினினும் தாக்குப்பிடித்து நிற்கும். அவற்றை அடக்குவது சூடான எத்தனால் கலந்த நீரில் கழுவும் முறை. அமில நீரில் கழுவி எடுத்த செறிவிலும் சர்க்கரை போயிருக்கும், புரதம் 65% காட்டும், சூடுபடுத்தியிருந்தால் யூரியேஸும் குறைவாகவே வரும். ஒவ்வாமைப் புரதம் மட்டும் பெருமளவு மீந்திருக்கும். இரண்டும் உங்கள் பையில் ‘சோயா புரதச் செறிவு’தான். தொகுப்புப் பெயர் போட்டுவிட்டால் அந்த அளவுக்குக்கூடத் தெரியாது.

தாவரப் புரதமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனாலில் கழுவிய சோயா செறிவை 3 வாரம் தாண்டிய கன்றுக்கு, மொத்தப் புரதத்தில் ஒரு பங்காக மட்டும் கொடுத்தால் பெரிய சிக்கல் வருவதில்லை. நொதியால் முன்கூட்டியே உடைத்துக் கரையும்படி செய்த கோதுமைப் புரதம் சோயா மாவைவிடக் குடலுக்கு மிகவும் சாது. குளூட்டமின் நிறைய இருப்பதால் குடல் செல்களுக்கு அது எரிபொருளாகவும் ஆகிறது. ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம், பால் புரதத்தில் உள்ளதில் கால் பங்கு அளவுதான். சேர்க்கை லைசின் போடாமல் கோதுமைப் புரதத்தைக் கூட்டினால், கன்றுக்குக் கழிச்சல் இருக்காது, ஆனால் வளராது. ரோமம் சிலிர்த்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் கன்றைப் பார்த்துக் குடற்புழு என்று மருந்து கொடுப்பவர்கள் உண்டு. கோளாறு பவுடரில் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

விலங்குப் புரதங்களில் இரத்தப் பிளாஸ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெளிப்பு முறையில் உலர்த்திய பிளாஸ்மாவில் இம்யூனோகுளோபுலின்கள் என்ற ஆன்டிபாடிப் புரதங்கள் மீந்திருக்கின்றன. அவை குடலுக்குள்ளேயே நோய்க்கிருமிகளைப் பிடித்து வைக்கும் என்பதால், கழிச்சல் அதிகமுள்ள கொட்டில்களில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இது உண்மையிலேயே பயன்படுகிறது. மெத்தியோனின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு என்பதால் அதிகம் போட முடியாது. அசைபோடும் விலங்கின் இரத்தப் பொருளை அசைபோடும் விலங்குக்கே கொடுக்கத் தடை உள்ள நாடுகளும் இருக்கின்றன. அங்கே ‘விலங்குப் புரதப் பொருள்’ என்ற தொகுப்புப் பெயர் எங்களைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடும். இன்னொன்று: பிளாஸ்மா இருப்பது தெரியாமல் பவுடரைக் கொதிக்கிற நீரில் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் காசு செலவழித்துச் சேர்த்த இம்யூனோகுளோபுலின் அந்த நீரிலேயே பாழாகிறது. முட்டைப் புரதமும் அப்படித்தான் பதப்படுத்தலைப் பொறுத்தது. பச்சையாக உலர்த்தியதில் டிரிப்சின் தடுப்பானும், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அவிடினும் இருக்கின்றன.

நார்ச்சத்து வரியைப் பார்த்தே தாவரப் புரதத்தைக் கண்டுபிடித்துவிடலாமே என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் சொல்கிறார்கள். 0.15 சதவீதத்துக்குள் இருந்தால் முழுக்கப் பால் என்பது பழைய கணக்கு. சோயா மாவுக்கு அது பொருந்தும். தனிப்படுத்திய சோயா புரதம், கோதுமைப் புரதம், பிளாஸ்மா எதிலும் நார் கிட்டத்தட்ட இல்லை. நார் 0.15% என்று போட்ட பையில் பால் புரதம் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். இந்த வரியை நம்பச் சொல்வதை நிறுத்துங்கள்.

பால் புரதம் என்றாலே தங்கம் என்றும் இல்லை. கொழுப்பு நீக்கிய பாலை உலர்த்தும்போது சூடு கூடினால் வே புரதம் கெட்டு கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. வயிற்றில் கட்டி உறுதியாக உறையாது. லைசின் லாக்டோஸோடு பிணைந்துவிடுவதால் உடலுக்குக் கிடைக்காது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும் புரதச் சோதனைக்கு இந்தச் சேதம் தெரியாது. சதவீதம் அப்படியே இருக்கும். பவுடரின் நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போயிருந்து, கருகிய சர்க்கரை வாடை அடித்தால் நாங்கள் சந்தேகப்படுகிறோம். உங்களிடம் அதைவிடச் சரியான அளவுகோல் இருக்கிறது: சூட்டில் கெடாத வே புரதம் எவ்வளவு மீந்திருக்கிறது என்று காட்டும் வே புரத நைட்ரஜன் குறியீடு. குறைந்த சூட்டில் உலர்த்திய பவுடரில் அது கிராமுக்கு 6 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். அதிகச் சூட்டில் உலர்த்தியதில் 1.5-ஐத் தாண்டாது. மனிதர் சாப்பிடும் பொருட்களுக்கு வாங்கும் பால் பவுடரில் இதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கன்றுக்கும் பாருங்கள்.

மலிவான வே பவுடரை அதிகம் போட்டால் லாக்டோஸும் சாம்பல் எனப்படும் தாது உப்புகளும் கூடுகின்றன. கரைந்த சர்க்கரையும் உப்பும் எவ்வளவு அடர்த்தி என்பதைக் காட்டும் சவ்வூடு அழுத்தம், பசும்பாலில் கிலோவுக்கு 300 மில்லி ஆஸ்மோல் அளவு. உங்கள் பவுடரைப் பையில் சொன்னபடி கரைத்தாலே 400-ஐத் தாண்டுவது சகஜம். லிட்டருக்கு 150 கிராம் போட்டு, அதோடு கழிச்சலுக்குக் கொடுக்கும் உப்புக் கலவையான எலக்ட்ரோலைட்டும் கலந்தால் 600-ஐ நெருங்கும். அந்த அளவில் நான்காம் இரைப்பை காலியாவது தாமதமாகி, உள்ளே தங்கும் சர்க்கரை புளித்து வயிறு உப்பும். குடற்சுவரின் தடுப்பும் தளரும். ஒரு வரி, ஓர் எண். அதைப் போட்டுவிட்டால் கரைக்கும் அளவை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

‘கழிச்சலுக்குக் காரணம் கிருமியும் அசுத்தமும்தான்’ என்பது உங்களிடமிருந்து தவறாமல் வரும் பதில். அதில் உண்மை இருக்கிறது. முதல் நான்கைந்து நாட்களில் ஈ.கோலை, அடுத்த இரண்டு வாரங்களில் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. சீம்பால் போதாத கன்று எந்தப் பவுடரிலும் தப்பிப்பது கஷ்டம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பிறப்பு எடையில் 10% சீம்பால் கொடுத்துவிட்டுத்தான் இந்த மடலையே எழுதுகிறோம். ஆனால் ரோட்டாவும் கிரிப்டோவும் தாக்குவது எதை? அதே குடலுறிஞ்சிகளை. நோயில் பாதிப் பரப்பை இழந்த கன்று, எஞ்சிய பரப்பில் பால் புரதத்தை ஓரளவு செரித்துக்கொண்டு தேறிவிடும். சோயா ஒவ்வாமையால் ஏற்கெனவே தேய்ந்த குடலில் அந்தக் கையிருப்பு இல்லை. கிருமி ஒன்றேதான், ஒரு கன்று மூன்று நாளில் எழுந்து குடிக்கிறது, இன்னொன்று பத்து நாள் இழுக்கிறது. கிருமியை மட்டும் குற்றம் சொல்லி இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

புரதம் எது என்று தெரியாததால் அன்றாடம் எங்கள் கை எங்கெல்லாம் கட்டப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

கழிச்சல் கன்றுக்கு எலக்ட்ரோலைட் கொடுக்கிறோம். பைகார்பனேட் உள்ள எலக்ட்ரோலைட் இரைப்பையின் அமிலத்தைக் குறைத்து, கேசீன் உறைவதைத் தடுக்கும். பவுடரில் கேசீன் இருந்தால் பாலுக்கும் எலக்ட்ரோலைட்டுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், அல்லது அசிட்டேட் வகையை வாங்க வேண்டும். பவுடர் முழுக்க வே என்றால் உறைவதைப் பற்றி இந்த அளவுக்குக் கவலை இல்லை. எதைச் செய்வது என்பதை நாங்கள் எப்படி முடிவு செய்வது?

ஃபார்மிக் அமிலம் சேர்த்து pH-ஐ 4 முதல் 4.5-க்குக் கொண்டுவந்து, கன்று விரும்பியபோது குடிக்கும்படி பால் வைக்கும் பண்ணைகள் இருக்கின்றன. கேசீன் நிறைந்த கரைசலை வெதுவெதுப்பாக இருக்கும்போது அமிலமாக்கினால் திரிந்து, முலைக்காம்புக் குழாயை அடைத்துக்கொள்ளும். வே அடிப்படையிலான கரைசல் அப்படித் திரியாது. இதையும் ஒரு தொட்டிப் பால் வீணான பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நாங்களே சோதித்துப் பார்க்கிறோம். 125 கிராம் பவுடரை 45 டிகிரி செல்சியஸ் நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கி, கண்ணாடி ஜாடியில் அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் என்ன படிகிறது என்று தெரிந்துவிடும். நல்ல பால் புரதக் கலவையில் அடி சுத்தமாக இருக்கும். சோயா மாவு உள்ளதில் விரல் தடிமனுக்கு வண்டல் நிற்கும். எடுத்து விரலிடையே தேய்த்தால் நறநறக்கும். அந்தக் கரைசலைப் பெரிய தொட்டியில் கலக்கி வரிசையாக ஊற்றிக்கொண்டு போகும்போது வண்டல் கடைசிக் கன்றுகளின் வாளியில்தான் சேர்கிறது. வரிசையின் கடைசியில் கட்டியிருக்கும் கன்றுக்கே எப்போதும் கழிச்சல் என்றால், அந்த இடத்தில் ஈரமா, காற்றா என்று தேடுவதற்கு முன் தொட்டியின் அடியைப் பார்க்க வேண்டும். 39 டிகிரியில், கைமோசின் உள்ள உறைமருந்தான ரென்னட்டைச் சில சொட்டு விட்டுப் பார்த்தால் கேசீன் இருக்கிறதா என்பதும் தெரியும். இருந்தால் சில நிமிடங்களில் உறையும். ஆனால் உறையாத பவுடர் நல்ல வே-யா, சோயாவா என்பதை ரென்னட் சொல்லாது. செறிவும் தனிப்படுத்திய புரதமும் வண்டலாகவும் படியாது. ஜாடிச் சோதனை எட்டாத இடத்தில்தான் உங்கள் லேபிள் வேண்டியிருக்கிறது.

விளம்பரத்தில் நீங்கள் போடும் வளர்ச்சிக் கணக்கும் எங்களுக்கு உதவவில்லை. பிறந்தது முதல் பால் மறக்கும் 8-ஆம் வாரம் வரை சராசரி எடைக் கூடுதல் என்று ஒரே எண்ணைக் கொடுக்கிறீர்கள். ஐந்தாம் வாரத்துக்கு மேல் கன்று ஸ்டார்ட்டர் என்ற முதல் திடத் தீவனத்தை நன்றாகத் தின்னத் தொடங்குகிறது. அந்த எடை பவுடரின் குறையை மூடிவிடுகிறது. புரத மூலம் தன் வேலையைக் காட்டுவது முதல் 21 நாளில். அந்த மூன்று வாரத்தை 56 நாளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மாவும் செறிவும் பால் புரதமும் ஒரே மாதிரித்தான் தெரியும். சோதனையின் நடுவே செத்த கன்றுகளையும், மருத்துவம் பார்த்ததால் நீக்கிய கன்றுகளையும் சராசரியில் சேர்த்தீர்களா என்பதையும் எங்கும் காணோம்.

எனவே கேட்கிறோம்.

பையில் உள்ள ஒவ்வொரு புரத மூலத்தையும் அதன் சொந்தப் பெயரில், பதப்படுத்திய முறையோடு எழுதுங்கள். சோயா என்றால் மாவா, அமிலத்தில் கழுவிய செறிவா, எத்தனாலில் கழுவிய செறிவா, தனிப்படுத்தியதா. கோதுமை என்றால் நொதியால் உடைத்ததா. பிளாஸ்மா என்றால் எந்த விலங்கு. பக்கத்தில், மொத்தப் புரதத்தில் அது எத்தனை சதவீதம் என்பதையும் போடுங்கள். கலவையில் எத்தனை சதவீதம் என்பது போதாது. காரணத்தை மேலே கணக்கோடு காட்டியிருக்கிறோம். தொகுப்புப் பெயர்களைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் இதைச் செய்யலாம். எங்களுக்குத் தெரிந்தவரை விவரமாக எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

சோயா மாவு உள்ள பவுடரில் ‘முதல் வாரம் முதல்’ என்பதை எடுத்துவிடுங்கள். மற்ற தாவரப் புரதங்கள் உள்ளவற்றில் ‘3 வாரத்துக்கு மேற்பட்ட கன்றுகளுக்கு’ என்று முன்பக்கத்தில், புரதச் சதவீதம் இருக்கும் அதே எழுத்தளவில் போடுங்கள்.

கலவையை மாற்றினால் சொல்லுங்கள். மூலப்பொருள் விலை மாறும், அது எங்களுக்கும் புரியும். கலவைக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பேட்ச் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். எண் மாறியிருப்பதைப் பார்த்தால் பழையதோடு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து நாலைந்து நாளில் மாற்றிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். அதற்காகவே பழைய பையில் ஒன்றிரண்டை மிச்சம் வைத்துக்கொள்வோம்.

லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றின் அளவையும், சேர்க்கையாகப் போட்டிருந்தால் அதையும் அச்சிடுங்கள். சோயா இருந்தால் யூரியேஸோடு நிறுத்தாமல் டிரிப்சின் தடுப்பான், கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் அளவுகளைச் சான்றிதழில் கொடுங்கள். கொழுப்பு நீக்கிய பால் இருந்தால் வே புரத நைட்ரஜன் குறியீட்டைக் கொடுங்கள். பையில் சொன்ன அளவில் கரைத்தால் சவ்வூடு அழுத்தம் எவ்வளவு வரும் என்பதையும் சேருங்கள். குடலுக்கு நல்லது என்று நன்மை செய்யும் பாக்டீரியாவின் படம் போட இடமிருக்கும் பையில் இந்த எண்களுக்கும் இடம் இருக்கும்.

கரைக்கும் குறிப்பை எல்லாப் பவுடருக்கும் ஒரே மாதிரி அச்சிடாதீர்கள். கேசீன் இருக்கிறதா, பைகார்பனேட் எலக்ட்ரோலைட்டுக்கு எவ்வளவு இடைவெளி, அமிலமாக்கலாமா, நீரின் உச்ச வெப்பம் எவ்வளவு என்ற நான்கையும் அந்தந்தக் கலவைக்கு ஏற்ப எழுதுங்கள்.

சோதனை முடிவுகளை வாரவாரியாக வெளியிடுங்கள். முதல் 21 நாளுக்கு எடை, கழிச்சல் இருந்த நாட்கள், மருத்துவம் பார்த்த கன்றுகள், இறந்த கன்றுகள் தனித்தனியாக வேண்டும். எந்தப் புரதக் கலவையில் நடத்திய சோதனை என்பதும் வேண்டும். விற்கும் கலவையும் சோதித்த கலவையும் வேறாக இருந்தால் அந்த முடிவை விளம்பரத்தில் பயன்படுத்த வேண்டாம்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் அரைக் கிலோ மாதிரியை, அந்தப் பவுடரின் பயன்பாட்டுக் காலம் முடியும் வரை வைத்திருங்கள். புகார் வந்தால் வாளி கழுவும் முறையைப் பற்றிப் பாடம் நடத்துவதற்கு முன் அந்த மாதிரியைச் சோதித்து, முடிவைப் புகார் சொன்னவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஆய்வகச் சோதனைகளுக்கும் வாரக் கணக்குகளுக்கும் கால அவகாசம் தேவைப்படும், காத்திருக்கிறோம். மூலப்பெயர், வயது வரம்பு, கலவைக் குறியீடு மூன்றுக்கும் புது இயந்திரமோ ஆய்வோ தேவையில்லை. கலவைத் தாள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை பை அச்சடிக்கும்போதே அவற்றைச் செய்யுங்கள். செய்ய முடியாது என்றால் காரணத்தைப் பொதுவில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கன்று வளர்ப்போர், கால்நடை மருத்துவர்கள்